கார்ட்ரிட்ஜை டோனார்மில் சரியாகப் பொருத்துவது: ஓவர்ஹேங் முதல் ஆன்டி-ஸ்கேட் வரை முழுமையான வழிகாட்டி

இசைத்தட்டின் முதல் பாட்டு தெளிவாக ஒலிக்கிறது. அதே பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் கரகரவென்று சிதறுகின்றன. ஊசி புதியது, தட்டையும் துடைத்தாயிற்று. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரை மாற்ற யோசிப்பதற்கு முன், டோனார்ம் என்கிற கையின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கடைசிப் பாட்டில் மட்டும் ஏன்? நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டின் வெளி ஓரத்தில், அதாவது மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளி, பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. 60 மி.மீ. வரை உள்ளே வந்ததும் அந்த வேகம் 21 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. வெளியே விரிந்து கிடந்த அதே ஒலி அலை இங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. அதனால் வெளி ஓரத்தில் காதுக்கு எட்டாத கோணப் பிசகு உள்ளே அப்பட்டமாகக் கேட்கும். 7 அங்குல இ.பி. தட்டுகள் 45 வேகத்தில் ஓடுவதால் கொஞ்சம் தப்பிக்கின்றன. ஆனால் அவற்றின் பள்ளம் மையத்தை இன்னும் நெருங்கிப் போகும். தமிழ்த் திரைப்பாடல் இ.பி.க்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு இது தேவை

டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200, ஆடியோ-டெக்னிகா எல்.பி.120, ரேகா, ப்ரோ-ஜெக்ட் போன்ற, கார்ட்ரிட்ஜை இரண்டு ஸ்க்ரூக்களில் பிடித்து நகர்த்தக்கூடிய டர்ன்டேபிள்களுக்கு. ஆடியோ-டெக்னிகா எல்.பி.60, சூட்கேஸ் பிளேயர்கள் ஆகியவற்றில் கார்ட்ரிட்ஜ் கையோடு சேர்ந்தே வருகிறது; அங்கே நகர்த்த எதுவுமில்லை, ஊசியை மாற்றலாம், அவ்வளவுதான். ரேகா டோனார்மில் ரேகாவின் சொந்த மூன்று ஸ்க்ரூ கார்ட்ரிட்ஜைப் போட்டால் மூன்றாவது ஸ்க்ரூ இடத்தை நிர்ணயித்துவிடும். அப்படிப் போடுபவர்கள் ஊசி எடையும் ஆன்டி-ஸ்கேட்டும் (கையை வெளிப்பக்கம் இழுக்கும் ஏற்பாடு) உள்ள பகுதிக்கு நேராகப் போகலாம்.

கொஞ்சம் கணக்கு

மாஸ்டர் தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டும் தலை ஆரத்தின் மேல் நேர்கோட்டில் நகர்கிறது. நம் டோனார்ம் ஓர் அச்சில் சுழன்று வில்லாக நகர்கிறது. இந்த இரண்டும் முழுப் பக்கத்திலும் ஒத்துப்போக வழியே இல்லை. அதைச் சமாளிக்கத்தான் இரண்டு ஏற்பாடுகள்: ஊசியை ஸ்பிண்டிலை, அதாவது தட்டின் நடுவிலுள்ள முளையை, தாண்டிச் சில மில்லிமீட்டர் நீட்டி வைப்பது ஓவர்ஹேங், கார்ட்ரிட்ஜை உள்பக்கமாகச் சாய்த்து வைப்பது ஆஃப்செட் கோணம். இரண்டும் சரியாக அமைந்தால் தட்டின் மேல் இரண்டே இரண்டு ஆரங்களில் ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்கும். இவற்றை நல் புள்ளிகள் (null points, பிழை பூஜ்யமாகும் இடங்கள்) என்கிறார்கள். மற்ற இடங்களிலெல்லாம் சிறிய பிழை இருக்கும். சுமார் 230 மி.மீ. நீளமுள்ள கை ஒன்றில், நன்றாகப் பொருத்திய பிறகும் வெளி ஓரத்தில் 1.9 டிகிரி வரை பிழை மிஞ்சும். பிழையே இல்லாமல் செய்துவிடலாம் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்த இரண்டு புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில்தான் கட்சிகள். சுவீடனின் எரிக் லோஃப்கிரன் 1938இல் கணக்கைப் போட்டார். 1941இல் பேர்வால்ட் அதே விடைக்குத் தனியாக வந்து சேர்ந்தார். 1966இல் ஸ்டீவன்சன் வேறொரு விடை சொன்னார். 12 அங்குல எல்.பி.க்கான புள்ளிகள் இவை:

பேர்வால்ட் (லோஃப்கிரன் ‘ஏ’): 66.0 மி.மீ., 120.9 மி.மீ.
லோஃப்கிரன் ‘பி’: 70.3 மி.மீ., 116.6 மி.மீ.
ஸ்டீவன்சன்: 60.3 மி.மீ., 117.4 மி.மீ.

பேர்வால்ட் பக்கம் முழுவதும் சிதைவின் உச்சங்களைச் சமமாகப் பங்கிடுகிறது. ஸ்டீவன்சன் கடைசிப் பள்ளத்தில் பிழையைப் பூஜ்யமாக்கி, நடுப்பகுதியிலும் வெளி ஓரத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. எல்.பி.தான் அதிகம் கேட்கிறீர்கள் என்றால் பேர்வால்ட் போதும். அலமாரியில் பாதி இ.பி.யாக இருந்தால் ஸ்டீவன்சன் பொருத்தம். லோஃப்கிரன் ‘பி’ சராசரிச் சிதைவைக் குறைத்தாலும் உள்பள்ளத்தில் பேர்வால்ட்டைவிடப் பின்தங்குகிறது. ஓரம்வரை பாட்டு நிரப்பிய திரைப்பட எல்.பி.க்களுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

உங்கள் கைக்கு எத்தனை மில்லிமீட்டர் ஓவர்ஹேங் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பிவட்டிலிருந்து (கை சுழலும் அச்சு) ஸ்பிண்டில் வரையுள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி, இரண்டு நல் புள்ளிகளின் பெருக்குத்தொகையைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது பிவட்டிலிருந்து ஊசிமுனை வரை இருக்க வேண்டிய நீளம். அதிலிருந்து பிவட்–ஸ்பிண்டில் தூரத்தைக் கழித்தால் ஓவர்ஹேங். எஸ்.எல்-1200இல் அந்தத் தூரம் 215 மி.மீ.; பேர்வால்ட்படி நீளம் 232.8, ஓவர்ஹேங் 17.8. ஆனால் டெக்னிக்ஸ் கையேடு சொல்வது 15 மி.மீ. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. டெக்னிக்ஸ் தன் புள்ளிகளை 58.8, 113.5 என்று இன்னும் உள்ளே வைத்திருக்கிறது. ஹெட்ஷெல் வாஷரிலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. என்று அவர்கள் தரும் பிளாஸ்டிக் அளவியும் அதே கணக்குதான். ரேகாவில் தூரம் 222 மி.மீ.; பேர்வால்ட்டுக்கு 17.3, ஸ்டீவன்சனுக்கு 15.4 வரும்.

ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். டெக்னிக்ஸ் அளவியில் ஓவர்ஹேங் வைத்துவிட்டுப் பேர்வால்ட் அட்டையில் கோணம் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

மேசைமேல் வேண்டியவை

ப்ரொட்ராக்டர் (நல் புள்ளிகளும் கோடுகளும் குறித்த அட்டை) ஒன்று. கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் பரப்பு உள்ளதாக இருந்தால் சிறப்பு. ஊசிமுனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவரும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரியும்போது உங்கள் கண் நேரே இருக்கிறது என்று உறுதியாகிறது. இணையத்திலிருந்து இறக்கி அச்சிடுவதானால் பிரின்டர் அமைப்பில் அளவு 100 விழுக்காடு என்று இருக்க வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கிவிடும். அச்சிட்டபின் அதிலுள்ள 100 மி.மீ. கோட்டை உலோக ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 99 காட்டினால் அந்தத் தாள் குப்பைக்கு. ஸ்பிண்டில் துளையைக் கொஞ்சம் சிறிதாகவே வெட்டி, இறுக்கமாக நுழையும்வரை மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள். துளை லொடலொடத்தால் நல் புள்ளியும் அதோடு நகரும்.

0.01 கிராம் வரை காட்டும் ஊசித் தராசு. தராசின் தட்டு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலே இருந்தால் சில கைகளில் எடை மாறிக் காட்டும். எம்.சி. (moving coil) வகைக் கார்ட்ரிட்ஜின் காந்தம் வலுவானது. இரும்பு கலந்த தராசு என்றால் காந்தம் இழுத்து எண் தாறுமாறாகும். காந்தம் ஒட்டாத தராசைக் கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய ஸ்க்ரூடிரைவர் அல்லது ஹெக்ஸ் சாவி, நுனி கூரான ட்வீசர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, சிறிய நீர்மட்டம். சிங்கப்பூரில் கருவிகளுக்கு சிம் லிம் டவர் போனால் ஒரே நடையில் முடியும். தராசும் கண்ணாடி ப்ரொட்ராக்டரும் அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைகளில் பார்க்கலாம், இணையத்திலும் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் ஸ்க்ரூக்கள் எம்2.5 அளவு, இரண்டு துளைகளுக்கும் இடையே 12.7 மி.மீ.

வேலை தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் கூரை விசிறி மெதுவாகச் சுற்றினாலே தராசின் கடைசி எண் நிற்காமல் ஆடும், டோனார்மும் தானாக நகரும். விசிறியில்லாமல் வியர்க்குமே என்றால் குளிர்சாதனத்தைப் போட்டு, காற்று நேராக மேசையில் படாதபடி திருப்பிவிடுங்கள். விளக்கு மேலேயிருந்து மட்டும் வந்தால் ஹெட்ஷெல்லின் நிழல் ஊசியை மறைக்கும். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வையுங்கள்.

டர்ன்டேபிளின் மின்செருகியைப் பிடுங்குங்கள். தட்டு சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜை ஏற்றுவது

ஊசி தனியே கழலும் வகை என்றால் முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். எம்.சி. வகையில் ஊசியைக் கழற்ற முடியாது. மூடியைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள். காந்தத்தின் இழுப்பில் ஸ்க்ரூடிரைவர் கையை விட்டுப் பாய்ந்து கான்டிலீவரை ஒடிப்பதுதான் எம்.சி. கார்ட்ரிட்ஜ்கள் சாகும் வழக்கமான விதம்.

வயர்களின் நிறம் உலகமெங்கும் ஒன்று. வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது கிரவுண்ட். கிளிப்பை உலோகப் பகுதியில் ட்வீசரால் பிடித்துத் தள்ளுங்கள். வயரைப் பிடித்துத் தள்ளினால் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். இறுகி நுழையாத கிளிப்பைப் பல்குச்சி முனையால் துளி விரிக்கலாம், தளர்ந்ததை ட்வீசரால் துளி நசுக்கலாம். கார்ட்ரிட்ஜ் முள்ளில் நேரடியாக சால்டர் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மயிரிழை போன்றது.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பழைய கிளிப்புகளும் ஹெட்ஷெல் முட்களும் கறுத்துப்போவது சாதாரணம். ஒரு பக்கம் ஒலி வருவதும் போவதுமாக இருந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். 2017இல் சுங்கை ரோடு சந்தை மூடப்படும் முன் அங்கிருந்து வந்த பழைய ஹெட்ஷெல்களில் பச்சை பூத்த முட்கள்கூட உண்டு. அவற்றைத் துடைப்பதைவிடப் புது ஹெட்ஷெல் வாங்குவது மலிவு.

ஆர்ட்டோஃபான் 2எம், ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைகளில் ஸ்க்ரூ நேராகக் கார்ட்ரிட்ஜ் உடலிலேயே இறங்கும். கூட வந்த ஸ்க்ரூவையே பயன்படுத்துங்கள். டெனான் டிஎல்-103இல் கீழே நட் பிடிக்க வேண்டும். எதுவானாலும் இப்போது கார்ட்ரிட்ஜ் நழுவி விழாத, ஆனால் விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டுமே இறுக்குங்கள். துளையின் நடுவில், ஹெட்ஷெல்லுக்கு நேராக வைத்துத் தொடங்கலாம்.

எடை, தோராயமாக

கோணம் பார்ப்பதற்கு முன்பே எடையை ஏறக்குறைய வைத்துவிட வேண்டும். எடை ஏறினால் கான்டிலீவர் கொஞ்சம் மேலே மடங்கும், அதோடு ஊசிமுனையும் முன்னே நகரும். எடையில்லாமல் அளந்த ஓவர்ஹேங் பாட்டு ஓடும்போது இருக்கும் ஓவர்ஹேங் ஆகாது.

ஊசியைத் திரும்ப மாட்டி, மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையின் பின்முனையிலுள்ள கவுன்டர்வெயிட்டைத் திருப்பி, கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கவுன்டர்வெயிட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு முழு எடையையும் சேர்த்துத் திருப்பித் தேவையான கிராமுக்கு வாருங்கள். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95இக்கு 2.0, டிஎல்-103க்கு 2.5.

நேராக்குவது

பொறுமை வேண்டிய இடம் இது. முதல் தடவை செய்பவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம்.

தட்டு சுழலாதபடி ஓரத்தில் மடித்த தாளைச் செருகுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள். ப்ரொட்ராக்டரை ஸ்பிண்டிலில் மாட்டி, ஊசியை வெளி நல் புள்ளிக்கு மேலே கொண்டுபோய் லிஃப்டால் இறக்குங்கள். விரலால் பிடித்து இறக்க வேண்டாம். ஊசிமுனை புள்ளியின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால், இரண்டு புள்ளி ப்ரொட்ராக்டரைத் துளி சுழற்றி முனையைப் புள்ளிக்குக் கொண்டு வரலாம். வில் கோடு வரைந்த ப்ரொட்ராக்டர் என்றால் அதைச் சுழற்றாமல் கார்ட்ரிட்ஜைத்தான் முன்னும் பின்னும் தள்ளி, முனை வில் முழுவதும் கோட்டிலேயே ஓடும்படி செய்ய வேண்டும்.

முன்னாலிருந்து, ஒரு கண்ணை மூடி, ஊசியின் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பாருங்கள். கட்டக் கோடுகளுக்கு எது இணையாக இருக்கிறது என்று பார்க்கிறீர்கள்? பெரும்பாலானோர் கார்ட்ரிட்ஜ் உடலின் பக்கச் சுவரைப் பார்க்கிறார்கள். அது வசதியாகப் பெரிதாக இருக்கிறது, ஆனால் பள்ளத்தில் ஓடுவது அதுவல்ல. கான்டிலீவர் உடலுக்கு ஒன்றிரண்டு டிகிரி கோணலாக ஒட்டப்பட்டு வரும் கார்ட்ரிட்ஜ்கள், விலை உயர்ந்தவற்றிலும், உண்டு. கான்டிலீவரை நேராக்கினால் உடல் சற்றுத் திரும்பி நிற்கும், நிற்கட்டும். லூப்பில் பார்க்கச் சிரமமாக இருந்தால் கைப்பேசியின் மேக்ரோ கேமராவை முன்னால் நிறுத்தி, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவும் சரியாக நேரெதிரே இருக்க வேண்டும், சாய்ந்தால் படம் பொய் சொல்லும்.

வெளிப் புள்ளியில் கான்டிலீவரைக் கோட்டுக்கு இணையாக்கிவிட்டீர்கள். கையைத் தூக்கி உள் புள்ளிக்குக் கொண்டு வந்து இறக்குங்கள். இங்கே மூன்றில் ஒன்று நடக்கும்.

கோட்டுக்கு இணையாகவே இருந்தால் ஓவர்ஹேங் சரி, வேலை முடிந்தது. முதல் தடவையிலேயே இப்படி அமைவது அரிது.

கார்ட்ரிட்ஜின் முகம் ஸ்பிண்டில் பக்கமாக அதிகம் திரும்பியிருந்தால் ஓவர்ஹேங் போதவில்லை. கார்ட்ரிட்ஜை முன்னே தள்ளுங்கள்.

முகம் ஸ்பிண்டிலை விட்டு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் ஓவர்ஹேங் அதிகம். பின்னே இழுங்கள்.

எவ்வளவு தள்ளுவது? ஓவர்ஹேங்கில் 1 மி.மீ. பிசகு உள்பள்ளத்தில் சுமார் 0.9 டிகிரியாகவும், வெளி ஓரத்தில் 0.3 டிகிரியாகவும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் சாய்வு என்றால் அரை மில்லிமீட்டரில் தொடங்குங்கள், கிட்டே வந்தபின் கால் மில்லிமீட்டர். தள்ளிய ஒவ்வொரு முறையும் வெளிப் புள்ளிக்குத் திரும்பிப் போய்க் கோணத்தைப் புதிதாகச் சரிசெய்து, பிறகுதான் உள்ளே பார்க்க வேண்டும். உள் புள்ளியிலேயே கோணத்தைத் திருப்பிச் சரிசெய்ய நினைத்தால் வெளிப் புள்ளி கெடும். அதைச் சரிசெய்தால் இது கெடும். நள்ளிரவுவரை இப்படியே போகும். உள் புள்ளியில் பிழை தெரிந்தால் முன்–பின் நகர்வு, வெளிப் புள்ளியில் தெரிந்தால் கோணத் திருப்பம். இந்த ஒழுங்கை விடாதீர்கள்.

கார்ட்ரிட்ஜை நகர்த்தும்போது கையைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்து, ஊசி மூடியைப் போட்டுவிட்டு நகர்த்துங்கள். ஊசி தட்டில் ஊன்றியிருக்கும்போது தள்ளுவது கான்டிலீவரை வளைப்பதற்குச் சமம்.

டெக்னிக்ஸ் ஹெட்ஷெல்லில் பேர்வால்ட் வைக்கப் பார்ப்பவர்களுக்கு: சில கார்ட்ரிட்ஜ்களில் துளையின் முன்முனைவரை தள்ளியும் 17.8 எட்டாது. அப்போது துளை நீளமான வேறு ஹெட்ஷெல் வாங்குங்கள், அல்லது டெக்னிக்ஸின் 15 மி.மீ. கணக்குக்கே திரும்பிவிடுங்கள். பாதிவழியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இறுக்கும்போது

பாதி உழைப்பு வீணாவது இங்கேதான். ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பும்போது அது கார்ட்ரிட்ஜையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு திரும்பும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், இரண்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இன்னொரு கையின் இரண்டு விரல்களால் கார்ட்ரிட்ஜ் உடலைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடியுங்கள். விரல் நுனி பலம் போதும். பிளாஸ்டிக் உடலில் மரை அறுந்தால் திரும்ப வராது. இறுக்கி முடித்தபின் இரண்டு புள்ளிகளையும் மறுபடி பாருங்கள். மாறியிருந்தால், மாறியிருக்கும் என்றே எதிர்பாருங்கள், தளர்த்தி மறுபடி.

உயரமும் சாய்வும்

தட்டின் மேல் ஒரு சாதாரண எல்.பி.யை வைத்து ஊசியை இறக்கி, பக்கவாட்டில் பாருங்கள். டோனார்ம் குழாய் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். அது நல்ல தொடக்கம். கையின் பின்புறம் தாழ்ந்தால் ஒலி மந்தமாகவும், உயர்ந்தால் கூர்மையாகவும் போகும் என்பார்கள். 230 மி.மீ. கையில் 1 டிகிரி மாற்ற 4 மி.மீ. உயர்த்த வேண்டும். ஆகவே 120 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் உயரத்தை மாற்றி வதைபட வேண்டாம். ரேகாவில் உயரம் மாற்றும் வசதியே இல்லை, அடியில் ஸ்பேசர் போட வேண்டும்.

முன்னாலிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் இடமோ வலமோ சாயாமல் நேராக நிற்க வேண்டும். சிறு கண்ணாடித் துண்டின் மேல் ஊசியை இறக்கினால் ஊசியும் பிம்பமும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரியும். நடுவில் மடிந்தால் சாய்வு இருக்கிறது. டெக்னிக்ஸ் போன்ற கழற்றி மாட்டும் ஹெட்ஷெல்லில் கழுத்து வளையத்தைத் தளர்த்தித் துளி திருப்பலாம். ஷிபாட்டா, மைக்ரோலைன் போன்ற நுண்ணிய முனை கொண்ட ஊசிகள் இந்தச் சாய்வை மன்னிப்பதில்லை. டிஎல்-103இன் கூம்பு ஊசி நிறையவே மன்னிக்கும்.

உயரத்தை மாற்றினால் ஓவர்ஹேங்கும் ஊசி எடையும் துளி மாறும். திரும்பப் போய்ப் பாருங்கள்.

ஊசி எடை, ஆன்டி-ஸ்கேட்

இப்போது தராசில் எடையை 0.05 கிராமுக்குள் நிறுத்துங்கள். கவுன்டர்வெயிட்டின் எண் வளையத்தை அப்படியே நம்ப வேண்டாம், அது 0.2 கிராம் வரை தள்ளிக் காட்டுவது உண்டு. தயாரிப்பாளர் 1.6 முதல் 2.0 வரை என்று சொன்னால், எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று 1.6இல் வைக்கும் பழக்கம் பலருக்கு. அது தலைகீழ். எடை போதாத ஊசி உரத்த இடங்களில் பள்ளச் சுவரை விட்டுத் துள்ளி, திரும்ப மோதிச் சுவரைச் செதுக்குகிறது. பரிந்துரைத்த நடு எடையில் வையுங்கள். எங்கள் வீடுகளின் வெப்பத்தில் ஊசியின் ரப்பர் பிடிப்பு சற்று இளகியே இருக்கும், மேல் எல்லையைத் தாண்டவும் வேண்டாம்.

ஆஃப்செட் கோணத்தால் ஓடும் தட்டு கையை மையத்தை நோக்கி இழுக்கிறது. அதை எதிர்த்து வெளியே இழுப்பதுதான் ஆன்டி-ஸ்கேட். தொடக்கத்தில் ஊசி எடையின் எண்ணையே வையுங்கள். பிறகு காதை வைத்துக் கேளுங்கள். ஸ்டீரியோ பள்ளத்தின் உள்சுவர் இடது ஒலி, வெளிச்சுவர் வலது ஒலி. ஆன்டி-ஸ்கேட் போதாதபோது ஊசி உள்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விடும். அதனால் வலது ஸ்பீக்கர் முதலில் கரகரக்கும். கூட்டுங்கள். இடது முதலில் கரகரத்தால் குறையுங்கள். பள்ளமில்லாத வெற்றுத் தட்டில் கை நகராமல் நிற்கிறதா என்று பார்க்கும் முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பள்ளம் இல்லாத இடத்தில் உராய்வு வேறு, அதில் வைத்த அளவு பெரும்பாலும் அதிகமாகிவிடும்.

கேட்டுப் பார்ப்பது

முதலில் நன்றாக இருக்கும் என்று தெரிந்த ஒரு புதிய, சுத்தமான தட்டு. அதன் கடைசிப் பாட்டு. அது தெளிவாக இருந்தால்தான் பழைய தட்டுக்குப் போக வேண்டும். எச்.எம்.வி., இன்ரெக்கோ, எக்கோ முத்திரைகளில் வந்த பழைய தமிழ்த் தட்டுகள் பல, ஒரு காலத்தில் 5 கிராமுக்கும் மேல் அழுத்தும் கிறிஸ்டல் பிக்கப்புகளில் தேய்ந்தவை. எஸ். ஜானகியின் உச்சஸ்தாயியோ நாகஸ்வரமோ வரும் இடங்களில் அவை சிதறினால் அது பள்ளச் சுவரே போய்விட்டதன் அடையாளம்; எந்த அலைன்மென்ட்டும் அதை மீட்காது.

புதிய தட்டிலும் பிரச்சினை இருந்தால்:

பக்கத்தின் முடிவில் மட்டும், இரண்டு ஸ்பீக்கரிலும் சிதைவு – ஓவர்ஹேங் அல்லது கோணம். ஸ்க்ரூ இறுக்கும்போது நகர்ந்திருக்கலாம்.

பக்கம் முழுவதும் சிதைவு – எடை குறைவு, ஊசி முனையில் தூசிப் பந்து, அல்லது தேய்ந்த ஊசி. ஆடியோ-டெக்னிகா தன் நீள்வட்ட ஊசிக்குக் கொடுக்கும் ஆயுள் 300 மணி நேரம்தான்.

ஒரு பக்கம் ஒலியே இல்லை, அல்லது ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் – கிளிப் கழன்றிருக்கிறது. இடது, வலது வயர்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். மௌனம் மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றவாளி கார்ட்ரிட்ஜ். தாவாவிட்டால் டோனார்ம் வயரோ அதற்கப்பாலோ.

குரல் நடுவில் நிற்காமல் பரவி, பேஸ் மெலிந்து கேட்கிறது – ஒரு சேனலில் சிக்னலும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. நிறங்களைச் சரிபாருங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பு பாட்டில்லாத இடத்திலும் உள்ளும் வெளியுமாக ஊசலாடுகிறது – வளைந்த தட்டாக இருக்கலாம், அல்லது கையின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் சேர்ந்து அதிரும் இயல்பான அதிர்வெண் 8 முதல் 12 ஹெர்ட்ஸ்க்குள் விழ வேண்டும். நெகிழ்வு அதிகமான கார்ட்ரிட்ஜைக் கனமான கையில் போட்டால் அது கீழே இறங்கி, தட்டின் வளைவுகளோடு சேர்ந்து ஆடத் தொடங்கும்.

புதிய கார்ட்ரிட்ஜில் 30, 40 மணி நேரம் ஓடியபின் ரப்பர் பிடிப்பு படியும். அப்போது எடையை ஒருமுறை தராசில் பாருங்கள், கோணத்தைத் தொட வேண்டியதில்லை. ஊசியை மட்டும் மாற்றினால் மறுபடி ப்ரொட்ராக்டரை எடுக்க வேண்டும், ஏனென்றால் புதிய கான்டிலீவர் பழையதைப் போலவே ஒட்டப்பட்டிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.